நோயாளியின் சொந்த வார்த்தையில்

"எந்த ஊரு?"

சகாயராணி யாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். உடம்புக்கு என்ன என்று கேட்பது அப்புறம், பெயரைக் கேட்பது அதற்கும் அப்புறம். புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்கள் இதை ஏதோ ஊர்ப்பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஊர்ப்பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊர் தெரிந்துவிட்டால் அந்த ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர், விழுப்புரம் ஊர்களிலிருந்து வருகிறவர்களுமாகக் காலை எட்டு மணிக்கே வாசல் நிறைந்துவிடும் பெரிய ஆஸ்பத்திரி. கூடவே டாக்டருக்குப் படிக்கிற காலேஜ். வைத்தியம் பார்க்கிறவர்கள் கேரளம், ஆந்திரம், பீகார், டெல்லி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் செல்லிப்பட்டு, கரையாம்புத்தூர், கிருமாம்பாக்கம் ஆட்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பத்தொன்பது வயது சகாயராணி, நீல நிற யூனிஃபார்ம் புடவையில்.

வேலை என்னவோ வார்டு உதவியாளர் வேலைதான். பெட்பேன் வைப்பது, விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அதற்குத்தான் எடுத்தார்கள். இன்னொரு வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் சேர்ந்த புதிதில் செல்லிப்பட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார்கள். ஆந்திர டாக்டர் "வலி எங்கே, வலி எங்கே" என்று ஐந்து முறை கேட்டார். பெரியவர் ஐந்து முறையும் "வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு வலி இல்லை, மாரின் மேல் கனம். கனத்தைப் போய் யாராவது வலி என்று சொல்வார்களா? தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சகாயராணி, துடைப்பதை நிறுத்தாமலேயே, "மாரு கனக்குதா தாத்தா, இல்ல அடைக்குதா?" என்று கேட்டாள். பெரியவர் "கனக்குதும்மா, மூட்டைய ஏத்தி வெச்சா மாதிரி கீது" என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் பிழைத்தார். அன்றிலிருந்து "அந்த சகாயத்தக் கூப்புடு" என்பது வார்டில் ஒரு வழக்கமாகிவிட்டது.

அவளுடைய முறை எளிமையானது. ஊரைக் கேட்பாள். அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறிக்கொள்வாள். கூட வந்த ஆம்பிளைகளை மருந்து வாங்கவோ பில் போடவோ அனுப்பிவிடுவாள். ஸ்கிரீனை இழுத்துவிடுவாள். பிறகு அவசரப்படாமல் கேட்பாள். கடலோரக் குப்பத்து அம்மாவிடம் அவள் பேசுவதைக் கேட்டால் அவளும் மீன்கூடை தூக்கியவள் என்றுதான் தோன்றும். கள்ளக்குறிச்சிக்காரரிடம் பேசும்போது வாக்கியத்தின் இழுவையே வேறு. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் டவுன் கிழவர் ஒருவர் டாக்டரை, ஐயா என்பதற்குப் பதில், பிரெஞ்சில் "முசே" என்று கூப்பிடுவார். அவரிடம் சகாயராணியும் ஒரு "முசே" போட்டுத்தான் ஊசிக்குச் சம்மதம் வாங்குவாள். எங்கேயும் படித்ததில்லை. காதில் விழுந்ததை விடாமல் வைத்துக்கொள்கிறவள், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் காதுக்குள் எத்தனையோ மாறிவிட்டது. ஒருமுறை ஒரே குடும்பத்தில் மூன்று பெண்கள் ஒரே நாளில் வந்தார்கள், மூன்று பேருக்கும் மாதவிலக்குத் தொல்லை. மூத்தவள் "வூட்டுக்குத் தூரம்" என்றாள், அதையும் சகாயராணியின் காதருகே வாயை வைத்துத்தான் சொன்னாள். அவள் மகள் "மாசாமாசம் வர்றது" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பேத்தி மட்டும் எதிரே உட்கார்ந்திருந்த இளம் ஆண் டாக்டரின் முகத்தைப் பார்த்து, "பீரியட்ஸ் இர்ரெகுலரா இருக்கு சார்" என்றாள். அவளுக்கு ஸ்கிரீன் தேவைப்படவில்லை, சகாயராணியும் தேவைப்படவில்லை. மொழி கெட்டுப்போச்சு என்று மேடையேறிக் கத்துகிறவர்கள் அந்தப் பெண்ணின் முகத்தை ஒருதரம் பார்த்திருக்க வேண்டும். பாட்டியும் அம்மாவும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிய விஷயத்தை அவள் கடன் வாங்கின ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தைரியமாகச் சொல்லிவிட்டாள். சகாயராணிக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இன்னொரு மாற்றமும் வந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல். ஜனங்கள் தங்கள் உடம்பில் நடப்பதைச் சொல்வதை விட்டுவிட்டு வியாதியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் "கண்ணு இருட்டிக்கினு வருது, கால் தரையில பாவல" என்பார்கள். இப்போது "லோ பிரஷர்" என்கிறார்கள். "நெஞ்சுக்குழியில நெருப்பு வெச்ச மாதிரி" என்பது போய் "கேஸ்" வந்துவிட்டது. என்ன செய்கிறது என்று கேட்டால் "சுகர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு, பரீட்சையில் சரியான விடை எழுதிய பிள்ளை போல உட்கார்ந்திருப்பார்கள். டாக்டருடைய வேலையை அவர்களே முடித்துவிட்டு வருகிறார்கள். பெயர் இருக்கிறது, நோவு எங்கே என்றுதான் தெரியவில்லை.

"பேரெல்லாம் டாக்டர் வெச்சிப்பாரு. உனக்கு இன்னா பண்ணுது, அத்த சொல்லு" என்பது அப்படிப்பட்டவர்களிடம் அவள் வழக்கமாகச் சொல்வது.

இதே கருத்து வார்டின் தலைமை டாக்டருக்கும் இருந்தது. பாலக்காட்டுக்காரர், எல்லாருக்கும் மேடம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் 'நோயாளியின் சொந்த வார்த்தையில்' என்று ஒரு வரி உண்டு. பல ஆஸ்பத்திரிகளில் அந்த இடத்தில் டாக்டரே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதாவது கிறுக்கிவைப்பார். மேடம் விடமாட்டார். நோயாளி சொன்னதைத் தமிழிலோ, தமிழ் எழுதத் தெரியாவிட்டால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவோ, அப்படியே எழுத வேண்டும். படிக்கிற பிள்ளைகள் முழிக்கும்போது "சகாயத்திடம் கேள், அவள் கூட்டவும் மாட்டாள் குறைக்கவும் மாட்டாள்" என்பார். சகாயராணிக்கு வாழ்க்கையில் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். வீட்டில், கரும்பு லாரி ஓட்டும் கணவன் சேவியரிடம், அந்த வாக்கியத்தை அவள் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பாள். சேவியர் "சர்ரி, சர்ரி" என்று சோற்றைப் பிசைவார்.

இவ்வளவு சொன்னதும் எதற்கென்றால், போன மார்கழியில் அவள் சொன்ன ஒரு வார்த்தையை யாரும் சரிபார்க்கவில்லை என்பதற்காக. இருபத்திரண்டு வருடம் பொய்க்காத வாய் அது. ஏன் சரிபார்க்க வேண்டும்?

அந்த மாதத் தொடக்கத்தில் வார்டுக்குத் தமிழ்க்குமரன் என்று மேல்படிப்பு டாக்டர் ஒருவர் வந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பையன். சுறுசுறுப்பு, நல்ல கைராசி, ஓயாத வாய். ஒருநாள் மதியம் நர்ஸ்கள் அறையில் டீ குடிக்கும்போது, காலையில் வந்த பாட்டி ஒருத்தி பேசியதை நடித்துக்காட்டினார். "இன்னா நைனா, ஊசிய எங்க குத்தப்போற, வூட்டுக்குப் போவ சொல்லோ கால் நடக்குமா நடக்காதா?" என்று இடுப்பில் கையை வைத்து, தலையை ஆட்டி. அச்சு அசலாக இருந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகாயராணியும் சிரித்தாள். அந்தப் பாட்டி பேசியது சகாயராணியின் வீட்டுப் பேச்சு. சிரித்து முடித்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் முகத்திலிருந்து சிரிப்பை இறக்கவில்லை, எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவள் அக்கா அமிர்தத்துக்கு ஜுரம் வந்தது.

அமிர்தம் ஏழு வயது மூத்தவள். இருவரும் பாகூர் ஏரிக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர்கள், அப்பன் ஆத்தாள் இருவரும் கூலி வேலை. ஆத்தாள் போகும்போது சகாயராணிக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்போடு நின்ற அமிர்தம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் தங்கையைப் பத்தாவது வரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். தலை பின்னிவிட்டது, புதன்கிழமை ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, பெரியவளானபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் அவள்தான். பேருக்குத்தான் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் திருப்பூரில். அமிர்தம் இப்போதும் அதே காலனியில், நான்கு ஆடுகளோடு.

ஜுரம் மூன்றாம் நாள் என்று தெரிந்ததும் சகாயராணி சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தாள். தெர்மாமீட்டர் கொண்டுபோயிருந்தாள். நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் பார்த்து ஒரு பேப்பரில் எழுதினாள். ஞாயிறும் இறங்கவில்லை. பாகூரில் போட்ட ஊசிக்கும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை அக்காவை ஆட்டோவில் ஏற்றித் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தாள். பதினான்காம் படுக்கை. விவரம் எழுத வந்தவர் தமிழ்க்குமரன்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றார்.

"இன்னான்னு சொல்றது தம்பி" என்று அமிர்தம் எழுந்து உட்கார்ந்தாள். ஜுரத்திலும் அவளுக்குக் குரல் பெரியது. "அஞ்சு நாளா ஜொரம். எலும்ப எடுத்து ஒரல்ல போட்டு இடிக்கிறா மாதிரி கீது. போன வாரம் ஆட்டுக்குத் தழை அறுக்க ஏரிக்கரைக்குப் போனேனா, அங்க இன்னா ஆச்சின்னா..."

தமிழ்க்குமரனின் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. எதற்கு வந்ததோ. அந்த உரலும் உலக்கையும் அவருக்குப் பிடித்துக்கூட இருந்திருக்கலாம். சகாயராணி பார்த்தது சிரிப்பை மட்டும். நாளை டீ நேரத்தில் இடுப்பில் கையை வைத்து "எலும்ப எடுத்து ஒரல்ல போட்டு" என்று இவர் ஆரம்பிப்பார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"அக்கா, நீ வாய வெச்சிக்கினு சும்மா இரு. நீ பேசுனா அவருக்கு வெளங்காது" என்றாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "சார், ஃபைவ் டேஸா ஃபீவர். பாடி பெயின், ஹெட்டேக். சுகர் இருக்கு, டேப்லெட் போடறாங்க. வைரல் மாதிரிதான் சார். வேற கம்ப்ளெய்ண்ட் ஒண்ணும் இல்ல" என்றாள்.

யாரையும் அவள் இப்படிப் பேசவிட்டதில்லை. பேரெல்லாம் டாக்டர் வெச்சிப்பாரு என்று ஊருக்குச் சொன்னவள், சொந்த அக்காவுக்கு அவளே பெயர் வைத்துக் கொடுத்தாள். காரணம் ஒன்றும் ஆழமானது இல்லை. வெட்கப்பட்டாள். அக்காவைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

தமிழ்க்குமரன் விவரமான டாக்டர். மார்கழி, ஏரிப்பக்கத்து ஊர், ஐந்து நாள் ஜுரம் என்றதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. புதருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பூச்சி கடித்து வரும் ஜுரம் உண்டு. கடித்த இடத்தில் வலிக்காத கறுப்புப் பொருக்கு ஒன்று தட்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் சுலபம், இரண்டே நாளில் ஜுரம் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பூச்சி அக்குள், மாருக்குக் கீழே, தொடை இடுக்கு என்று துணி மூடும் இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும்.

"கறுப்பா, சிகரெட்டால சுட்ட மாதிரி புண்ணு எங்கயாவது இருக்காக்கா? ஸ்கிரீன் போட்டு நீங்களே பார்த்துடுங்களேன்" என்று சகாயராணியிடம் சொன்னார்.

"அதெல்லாம் இல்ல சார்."

"பார்த்துட்டீங்களா?"

"நாந்தான் ரெண்டு நாளா கூடவே இருக்கனே சார்."

இது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சொன்னது வேறு யாராக இருந்தாலும் அவர் இன்னொரு தரம் கேட்டிருப்பார். சொன்னது சகாயராணி. 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

எத்தனை ஆயிரம் பெண்களிடம் அவள் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகாத பெண்கள், கன்னியாஸ்திரீகள், பேசவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தவர்கள். எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். ஆனால் அமிர்தத்திடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டில் இடுப்புக்குக் கீழே இருப்பதற்குப் பெயரே கிடையாது. அக்காள் தங்கையாக இருந்தாலும் 'அங்க' என்பார்கள், அதையும் இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள். தலை பின்னிவிட்டவளிடம் சேலையை விலக்கு என்று எப்படிச் சொல்வது? பிறத்தியாரிடம் சொல்ல முடிந்ததை அவளிடம் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை டெங்கு இல்லை என்று வந்தது. ஜுரம் நூற்று மூன்று. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. எதற்கோ எதையோ கொடுத்தார்கள், கேட்கவில்லை. புதன்கிழமை காலை அமிர்தத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேச்சு அறுந்து அறுந்து வந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். சகாயராணி வேலைக்கு நடுவில் பத்து தரம் பதினான்காம் படுக்கைக்கு வந்து போனாள். ஒவ்வொரு தரமும் கேட்டுவிட வேண்டும் என்று வருவாள், தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவாள். இன்றைக்கு ஜுரம் இறங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்துச் சொன்னேன் என்று நம்பிவிட்டார்களே, இப்போது போய்ப் பார்க்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற பயமும் அதில் இருந்தது. அந்தப் பயம் சின்னது இல்லை. வார்டில் அவளுக்கு இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு மேடம் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் தமிழ்க்குமரன், அவருக்குப் பின்னால் ஏழெட்டு மாணவர்கள். மேடம் அமிர்தத்தின் நாடியைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார், முகம் சுருங்கியது. "ஐ.சி.யு.வில் இடம் இருக்கா பார்" என்றார். பிறகு கேஸ் ஷீட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்ன? வைரல் ஃபீவர், பாடி பெயின், நோ அதர் கம்ப்ளெய்ண்ட். இது பேஷண்ட் சொன்னதா?"

"சகாயம் அக்கா சொன்னாங்க மேடம். அவங்க சிஸ்டர்தான் இவங்க" என்றார் தமிழ்க்குமரன்.

மேடம் குனிந்து அமிர்தத்திடம் கேட்டார். "அம்மா, நீங்க சொல்லுங்க. முதலில் என்ன ஆச்சு?"

அமிர்தம் வாயைத் திறந்தாள். பிறகு கண்ணைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவ சொல்லுவாம்மா. நான் பேசுனா... உங்களுக்கு வெளங்காதாம்."

வேறு யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு மாணவன் கடிகாரத்தைப் பார்த்தான். மேடம் சகாயராணியின் பக்கம் திரும்பி, "சொல்லு சகாயம், இது அவங்க சொன்னதுதானே?" என்றார்.

ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை போதும். இருபத்திரண்டு வருடத்துப் பேரும் அப்படியே இருக்கும். ஐ.சி.யு.வில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஏதாவது கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம். சகாயராணி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். நம்பிக்கைதான் இருந்தது. படித்த தங்கை, எல்லாம் தெரிந்த தங்கை, சரியாகத்தான் சொல்லியிருப்பாள் என்ற நம்பிக்கை.

"இல்ல மேடம்" என்றாள். "அது அவ சொன்னது இல்ல, நான் சொன்னது. அவ சொல்ல வந்தா. நாந்தான் வாய மூடுன்னு சொல்லிட்டேன். ஒடம்புல புண்ணு இல்லன்னு சொன்னதும் நாந்தான். நான் பாக்கவே இல்ல மேடம். கேக்கவும் இல்ல."

மாணவர்களில் யாரும் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தமிழ்க்குமரனுக்கு முகம் வெளுத்துவிட்டது, 'இல்லை' என்று எழுதியது அவர் கை. மேடம் ஆண்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார். ஸ்கிரீனை அவரே இழுத்துவிட்டார்.

"நீ கேட்கிறாயா, நான் கேட்கட்டுமா?"

சகாயராணி கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஏரிக்கரையில இன்னா ஆச்சி? சொல்லு. நான் எங்கியும் போவல."

அமிர்தம் சொன்னாள். நான்கு வார்த்தைக்கு ஒரு மூச்சு. தழை அறுக்கும்போது முள்ளுப்புதருக்குள் குந்தவேண்டி வந்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து, "குளிக்கச் சொல்லோ பாக்கறேன், அங்க... தொடை இடுக்குல, மொளகு கணக்கா கறுப்பா ஒண்ணு. நோவும் இல்ல, அரிப்பும் இல்ல. அப்பால ரெண்டு நாள்ல ஜொரம் வந்திச்சி. அதுவா இதுவான்னு எனக்கு இன்னாடி தெரியும்?"

மேடம் டார்ச் அடித்துப் பார்த்தார். மிளகு அளவில், நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து, அங்கேயே இருந்தது. அது எட்டு ஒன்பது நாளாக அங்கேயே இருக்கிறது. வெளியே வந்து அவர் சொன்ன மருந்து புதிதும் இல்லை, அபூர்வமும் இல்லை, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். அன்றே ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். வியாழக்கிழமை ஜுரம் நூறுக்கு வந்தது, வெள்ளிக்கிழமை வியர்த்துக் கொட்டி நின்றுவிட்டது. அமிர்தம் பசிக்கிறது என்றாள்.

கேஸ் ஷீட்டில் அந்த வரியைத் தமிழ்க்குமரன் அடித்துவிட்டு, அமிர்தத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். "எலும்ப எடுத்து ஒரல்ல போட்டு இடிக்கிறா மாதிரி" என்று எழுதும்போது அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் டீ நேரத்தில் அவர் யாரையும் நடித்துக்காட்டவும் இல்லை. ஆனால் அன்று அவர் நடித்துக்காட்டியதை வைத்து சகாயராணி அவரைக் குறை சொல்லவில்லை. அவர் சிரித்தது ஒரு பாட்டியைப் பார்த்து, ஐந்து நிமிடம். வாயை மூடச் சொன்னது அவர் இல்லை.

மேடமும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் வீட்டு ஆளுக்கு இனி நீ பேசாதே, வேறு யாராவது கேட்கட்டும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மற்றவர்களுக்கும் நீ சொல்வதை நான் ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன்" என்றார். அதை அவர் கோபமில்லாமல், வழக்கமான குரலில்தான் சொன்னார். இப்போதும் சகாயராணியைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கேட்டுச் சொல்கிறாள். சொல்லி முடித்ததும் டாக்டர் நோயாளியின் பக்கம் திரும்பி, "அப்படித்தானேம்மா?" என்கிறார். நோயாளி தலையாட்டும் வரை அவள் காத்திருக்கிறாள். அந்த ஒரு நொடி ஒவ்வொரு தரமும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கிறது, அது நியாயம்தான் என்றும் அவளுக்குத் தெரிகிறது.

சனிக்கிழமை மதியம் அக்காவை மறுபடி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். சகாயராணி ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். அமிர்தம் கையால் தானே சாப்பிடுகிறேன் என்றாள், முதல் வாய் மடியில் சிந்தியது, பிறகு விட்டுக்கொடுத்தாள். நான்கு வாய் ஆன பிறகு சகாயராணி மூன்று நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"இங்க நான் வாய மூடுன்னு சொன்னேன், சரி. வூட்ல ரெண்டு நாள் உன்கூடவே இருந்தனே யக்கா. அங்க யாரும் இல்ல, நீயும் நானுந்தான். அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?"

அமிர்தம் சோற்றை மென்று விழுங்கினாள். அவளுக்கு இதில் வருத்தமோ கோபமோ ஒன்றும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ வந்ததும் வராததுமா டெம்பரேச்சர் எவ்ளோ, டேப்லெட் போட்டியா, யூரின் போச்சான்னு கேட்ட. பேப்பர்ல எழுதிக்கினே இருந்த. ஆஸ்பத்திரியிலேர்ந்து யாரோ வந்துகீறாங்கன்னு இருந்திச்சி. மத்தவங்ககிட்ட போயி அத்த எப்பிடிடி சொல்றது?"

சகாயராணிக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அமிர்தம் வாயைத் திறந்து அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள்.